தடைக்கால நாட்குறிப்பு: பாம்பன் கரையில் மார்புக்கட்டி பேச்சு

ஏப்ரல் 17, சின்னப்பாலம்

15-ஆம் தேதி தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. பெண்களை உட்காரவைத்துப் பேச இதைவிட்டால் நாள் கிடைக்காது.

அதிகம் கேட்டது அக்குள் நெறி பற்றித்தான். கடற்பாசி எடுக்கையில் பாறை விரலைக் கிழிக்கும். புண் சீழ்வைத்தால் அந்தப் பக்க அக்குளில் நெறி கட்டும். தொட்டால் வலிக்கும், புண் ஆறினால் வற்றிவிடும். கையில் புண்ணும் இல்லை, வலியும் இல்லை, கெட்டியாக நின்று இரண்டு வாரமாகியும் கரையவில்லை என்றால் உடனே காட்ட வேண்டும்; மார்புப் புற்று அக்குளுக்குப் பரவியதாகவும் இருக்கலாம். "வலிக்கலையே, எதுக்கு ஆஸ்பத்திரி?" என்ற பேச்சுதான் நோயை முற்றவிடுகிறது. மார்புப் புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை.

ஏப்ரல் 24, தங்கச்சிமடம்

மார்பைத் தானே தடவிப் பார்க்கும் நாள்: மாதவிலக்கு தொடங்கி 7 முதல் 10 நாளுக்குள். விலக்கு நெருங்கும்போது பார்த்தால் மார்பே கட்டிகட்டியாகத் தெரியும், வீண் பயம். விலக்கு நின்றவர்களுக்கு அமாவாசையே போதும். இங்கே அதை யாரும் மறப்பதில்லை.

மல்லாந்து படுத்து, வலது தோளுக்கடியில் மடித்த சேலை, வலது கை தலைக்கடியில். இடது கையின் நடு மூன்று விரல்களைச் சேர்த்து, நுனியால் குத்தாமல் விரல்சதையால் சிறு வட்டமாக அழுத்த வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் மூன்று அழுத்தம்: மேலாக, நடுத்தரமாக, விலா எலும்பு தட்டும்வரை. காறை எலும்பிலிருந்து மார்பு மடிப்புக்குக் கீழ்வரை, நடுநெஞ்சிலிருந்து அக்குள்வரை மேலும் கீழுமாக. பிறகு மறுபக்கம்.

பலரும் கட்டைவிரலால் கிள்ளிப் பார்க்கிறார்கள். அப்படிப் பிடித்தால் எந்த மார்பும் கட்டியாகத்தான் தெரியும். அக்குளை ஒட்டிய மேற்பகுதியை விட்டுவிடுகிறார்கள். புற்று அதிகம் வருவதே அங்கேதான். விரல் காய்த்தவர்கள் குளிக்கையில் சோப்பு நுரையோடு தடவினால் நன்றாகத் தட்டுப்படும். இதோடு நிறுத்தக்கூடாது: 30 வயதைத் தாண்டியவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மே 3, மண்டபம்

ஈரத்துணியால் மார்பு மடிப்பில் வரும் அரிப்பு பெரும்பாலும் பூஞ்சை; காயவைத்து மருந்து போட்டால் போய்விடும். ஒரு காம்பில் மட்டும் ஆறாத சொறி, புதிதாக உள்ளிழுத்த காம்பு, ரத்தக்கசிவு, நார்த்தங்காய்த் தோலாகக் குழிந்த சருமம் இவை வேறு சங்கதி; புற்றாகவும் இருக்கலாம், உடனே காட்ட வேண்டும்.

மே 12, கீழக்கரை

மேமோகிராம் (மார்பு எக்ஸ்ரே) எடுக்கும் நாளில் அக்குளிலும் மார்பிலும் பவுடர் வேண்டாம்; படத்தில் சுண்ணாம்புப் புள்ளியாக விழுந்து குழப்பும். சின்ன வயதுக்காரர்களுக்கு மார்புச்சதை அடர்த்தி என்பதால் முதலில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான் எடுப்பார்கள்.

சோதனைக்காக ஊசியால் சதை எடுத்தால் புற்று பரவிவிடும் என்ற பயம் இங்கேயும் உண்டு. பரவாது. கெடுதல் வேறிடத்தில்: சோதிக்காமலே கட்டியை வெட்டி எறிந்துவிட்டால், அது என்ன கட்டி என்றே தெரியாமல் போகும், மறுபடியும் அறுவை வரும். வெட்டிய சதை பரிசோதனைக்குப் போனதா என்று கேட்டு, ரிப்போர்ட்டை வாங்கி வைக்க வேண்டும். பெரும்பாலான கட்டிகள் புற்றல்ல. அதையும் அந்த ரிப்போர்ட்தான் சொல்லும்.

மே 20, பாம்பன்

மார்புப் புற்று அறுவையில் அக்குள் நெறிகளை எடுத்தவர்களுக்கு அந்தப் பக்கக் கை வீங்கக்கூடும். சிறு கீறலும் சீக்கிரம் சீழ்வைக்கும். பாசிக்கும் வலைக்கும் கையுறை கட்டாயம். கீறினால் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், கடல்நீர் உதவாது. கை சிவந்து காய்ச்சலும் கண்டால் அன்றே டாக்டரிடம் போய்விட வேண்டும்.