மகளின் பக்கம் நின்ற படம்: ஹென்ரியட்டா லாக்ஸின் கதை தொலைக்காட்சியில்

ரெபெக்கா ஸ்க்லூட் பத்தாண்டுகளுக்கும் மேலாக உழைத்து 2010இல் வெளியிட்ட ‘தி இம்மார்ட்டல் லைஃப் ஆஃப் ஹென்ரியட்டா லாக்ஸ்’ என்ற நூலை, எச்பிஓ நிறுவனம் 2017 ஏப்ரலில் அதே பெயரில் தொலைக்காட்சித் திரைப்படமாக வெளியிட்டது. நூலைப் படித்து முடித்த பின்னரே ஜார்ஜ் சி. உல்ஃப் இயக்கிய அந்தப் படத்தைப் பார்த்தேன். ஹென்ரியட்டாவின் வாழ்க்கை, அவருடைய உடலிலிருந்து எடுக்கப்பட்ட உயிரணுக்களின் அறிவியல் வரலாறு, தாயைப் பற்றிய உண்மையைத் தேடி அலைந்த மகள் டெபோராவின் கதை என்று நூலில் மூன்று இழைகள் பின்னிச் செல்கின்றன. படம் மூன்றாவது இழையைக் கையில் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அதன் பின்னால் நிறுத்தியிருக்கிறது. அந்தத் தேர்வு சரியானது என்றே நான் கருதுகிறேன். ஆனால், அதனால் படம் இழந்ததும் சிறியதன்று.

வரலாறு இதுதான். வர்ஜீனியாவின் க்ளோவர் என்ற சிற்றூரில், புகையிலை பயிரிட்ட கறுப்பினக் குடும்பமொன்றில் வளர்ந்தவர் ஹென்ரியட்டா. திருமணத்துக்குப் பின் கணவர் உருக்காலை வேலைக்காகப் பால்டிமோர் பக்கம் குடிபெயர, இவரும் அங்கே சென்றார். கருப்பை வாயில் கட்டி இருப்பதை உணர்ந்து 1951 ஜனவரியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குப் போனார். கறுப்பின நோயாளிகளுக்கென்று தனிப்பகுதி ஒதுக்கப்பட்டிருந்த காலம் அது. சிகிச்சைக்கான ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்ட அவரிடம், கட்டியிலிருந்து ஒரு துண்டை ஆய்வுக்காக வெட்டி எடுக்கப்போவதை யாரும் சொல்லவில்லை. அந்தத் துண்டு ஜார்ஜ் கை என்பவரின் ஆய்வகத்துக்குச் சென்றது. உடலுக்கு வெளியே மனித உயிரணுக்களைத் தொடர்ந்து வாழவைக்கப் பல ஆண்டுகளாக முயன்று தோற்றிருந்தார் கை. அதுவரை வந்தவை எல்லாம் சில நாள்களில் மடிந்துபோக, ஹென்ரியட்டாவின் உயிரணுக்களோ ஏறக்குறைய 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிக்கொண்டே இருந்தன. பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து அவற்றுக்கு ‘ஹீலா’ என்று பெயரிட்டார்கள். ஹென்ரியட்டா அதே ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள், தம் 31ஆம் வயதில், ஐந்து பிள்ளைகளை விட்டுவிட்டு இறந்தார். உயிரணுக்கள் போலியோ தடுப்பூசிச் சோதனை தொடங்கிப் புற்றுநோய் ஆராய்ச்சி வரை உலகெங்கும் பயணம் செய்தன. குடும்பத்துக்கு இவை எதுவும் தெரியாது. 1973இல் தற்செயலாகத்தான் செய்தி காதுக்கு எட்டியது.

இந்த அறிவியல் வரலாற்றைப் படம் தொடக்கத்திலேயே விரைவான காட்சித் தொகுப்பு ஒன்றில் சொல்லிவிட்டு, டெபோராவிடம் வந்துவிடுகிறது. ஓப்ரா வின்ஃப்ரே அந்த வேடத்தில் நடித்திருக்கிறார். உலகறிந்த அந்த முகத்தை மறந்துவிட்டு ஒரு பாத்திரத்தைக் காண முடியுமா என்ற ஐயம் எனக்கு இருந்தது. சில நிமிடங்களில் அது அகன்றது. சிரித்துக்கொண்டே பேசத் தொடங்கி, அடுத்த நொடி சந்தேகத்தில் முகம் இறுகி, கையிலுள்ள காகிதங்களை மார்போடு அணைத்துக்கொள்ளும் டெபோராவின் கொந்தளிப்பை அவர் மிகைப்படுத்தாமல் காட்டுகிறார். எழுத்தாளர் ஸ்க்லூட்டாக வரும் ரோஸ் பைர்னுக்கு வாய்ப்புக் குறைவு. பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பவராகவே அவர் இருக்கிறார். வெள்ளையினப் பெண் ஒருவர் கறுப்பினக் குடும்பத்தின் கதையைக் கேட்டு வரும்போது எழும் அவநம்பிக்கையை, எழுத்தாளருக்குச் சாதகமாக மென்மையாக்காமல் விட்டது படத்தின் நேர்மைக்குச் சான்று.

இரண்டு காட்சிகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். முதலாவது, ஹாப்கின்ஸ் ஆய்வகத்துக்கு டெபோராவும் தம்பி ஜக்கரியாவும் செல்லும் காட்சி. தாயின் உயிரணுக்கள் அடங்கிய உறைந்த குப்பியைக் கையில் வாங்கும் டெபோரா, தாய்க்குக் குளிருமே என்று அதன் மேல் ஊதிச் சூடேற்றுகிறார். அறிவியல் தெரியாதவரின் அறியாமையாக இதைக் காண்பவர்கள் இருக்கலாம். என் கண்ணுக்கு அது அறியாமையாகத் தோன்றவில்லை. பேசத் தெரியாத வயதில் தாயை இழந்து, அவர் முகம்கூட நினைவில் இல்லாமல் வளர்ந்த ஒரு பெண்ணுக்குத் தாயின் உடலிலிருந்து எஞ்சியிருப்பது அந்தக் குப்பி ஒன்றுதான். அதை அவர் வேறு எப்படித்தான் ஏந்துவார்? சிறைக்குச் சென்று மீண்டவரும், கோபமே உருவானவருமான ஜக்கரியாவாக நடித்த ரெக் ஈ. கேத்தி, அக்காட்சியில் அதிகம் பேசாமலேயே நம்மை உலுக்கிவிடுகிறார். அடுத்த ஆண்டே அவர் மறைந்தது திரையுலகுக்குப் பெரிய இழப்பு.

இரண்டாவது, கிரவுன்ஸ்வில் மனநல மருத்துவமனைக் காட்சி. டெபோராவின் அக்கா எல்சி வலிப்பு நோயுள்ள குழந்தை. ஹென்ரியட்டா உயிரோடு இருந்தபோதே அங்கே சேர்க்கப்பட்டு, 1955இல் 15 வயதில் அங்கேயே இறந்தார். அந்த ஆண்டில் அங்கு 2,700க்கும் மேற்பட்ட கறுப்பின நோயாளிகள் அடைக்கப்பட்டிருந்தார்கள். வலிப்பு நோயாளிகளின் மூளையைச் சுற்றியுள்ள திரவத்தை வடித்துவிட்டுக் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் கொடிய ஆய்வு அங்கே நடந்திருக்கிறது. எல்சியும் அதற்கு உட்படுத்தப்பட்டிருக்கலாம். பழைய பதிவேட்டில் அக்காவின் புகைப்படத்தைக் காணும் டெபோராவின் முகத்தில் கேமரா நிலைத்து நிற்கிறது. தாயின் கதை உலகப் புகழ்பெற்ற அநீதி என்றால், எல்சியுடையது யாரும் பெயர்கூடக் கேட்டிராதது. இரண்டும் ஒரே வீட்டில், ஒரே பத்தாண்டில் நடந்தவை என்பதைப் படம் உணரவைக்கிறது. நூலின் மிகக் கனமான பகுதிக்குப் படம் முழு நியாயம் செய்திருப்பது இங்கேதான்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஹீலா உயிரணுக்கள் பிற ஆய்வக உயிரணுக்களோடு கலந்து அவற்றைக் கெடுத்துவிட்டதைக் கண்டறிந்த விஞ்ஞானிகள், அவற்றைப் பிரித்தறியும் நோக்கத்தில் 1970களில் ஹென்ரியட்டாவின் பிள்ளைகளிடம் இரத்தம் எடுத்தார்கள். தாயைக் கொன்ற புற்றுநோய் தமக்கும் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள் என்றே டெபோரா நம்பி, வராத முடிவுக்காக அச்சத்தோடு காத்திருந்தார். 1951இல் அப்படித்தான் வழக்கம் என்று கூறித் தப்ப முயல்பவர்களுக்கு, ஏறத்தாழ இருபதாண்டுக்குப் பின்னும் அதே குடும்பத்திடம் தெளிவாகச் சொல்லாமல் அதே செயல் நடந்தது என்பதே போதிய மறுமொழி. ஒன்றரை மணி நேரப் படத்தில் இதற்கு உரிய இடம் கிடைக்கவில்லை. ரெனே எலிஸ் கோல்ட்ஸ்பெரி நடித்த ஹென்ரியட்டாவும் பிறர் நினைவுகளில் மின்னி மறையும் அழகிய உருவமாகவே நின்றுவிடுகிறார். நடனத்தை விரும்பிய, உறவினர் எவர் வந்தாலும் சோறு போட்ட அந்தப் பெண்ணுடன் இன்னும் சற்று நேரம் இருந்திருக்கலாம் என்ற ஏக்கம் எஞ்சுகிறது.

டெபோரா 2009இல், நூல் அச்சாவதற்கு முன்பே காலமானார். படம் வந்த பிறகும் கதை வளர்ந்துகொண்டிருக்கிறது. ஹீலா உயிரணுக்களால் வணிக ஆதாயம் பெற்றதாக தெர்மோ ஃபிஷர் நிறுவனத்தின் மீது குடும்பத்தினர் 2021இல் வழக்குத் தொடுத்தார்கள்; 2023இல், ஹென்ரியட்டாவின் பிறந்தநாளான ஆகஸ்ட் 1 அன்று, இழப்பீட்டு விவரம் வெளியிடப்படாத சமரசத்தில் அது முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. படத்தைப் பார்ப்பவர்கள் நூலையும் தேடிப் படிக்க வேண்டும். குறிப்பாக, உடலிலிருந்து எடுக்கப்பட்ட திசுவின் மீது ஒருவருக்கு உள்ள உரிமையைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பதை ஆராயும் அதன் பின்னுரையை.