மூன்றாம் மெத்தை

ஞாயிறு ஆராதனை முடிஞ்சு காரைக்குடியில அம்மா வீட்டு முகப்புல உட்கார்ந்தா காபியும் வெள்ளைப் பணியாரமும் வரும். கூடவே ஆளுக்கொரு பைபிள் வசனம் சொல்லணும். மனசைத் தொட்டது, மண்டையைக் குழப்பினது, சிரிப்பு மூட்டினது, எதுவும் சரி.

நேத்து அண்ணன் மகன் அப்போஸ்தலர் 20:9 வாசிச்சான். பவுல் பாதிராத்திரி வரை பிரசங்கம் பண்றார். ஜன்னல்ல உட்கார்ந்திருந்த ஐத்திகு தூங்கி வழிஞ்சு 'மூன்றாம் மெத்தையிலிருந்து' கீழே விழுறான்.

"மெத்தை மேல மெத்தை போட்டு ஏன் அப்பத்தா உட்காரணும்?"

அம்மாவுக்குப் புரையேறிடுச்சு. "அடேய், மெத்தைன்னா மாடிடா!"

இதுல எனக்குப் பிடிச்சது அதுக்கப்புறம்தான். செத்தான்னு தூக்கினவன் பிழைச்சதும் பவுல் திரும்ப மேலே ஏறிப் போய் விடியுற வரைக்கும் பேசுறார். எங்க ஆயருக்கு யாரும் ஞாபகப்படுத்தாதீங்க.

சித்தப்பா யாத்திராகமம் 4:24-ஐ எடுத்தார். எகிப்துக்குப் போன்னு அனுப்பின கடவுளே வழியில மோசேயைக் கொல்லப் பார்க்கிறார். ஏன்? காபி ஆறினதுதான் மிச்சம்.

என்னுது 2 தீமோத்தேயு 4:13. பவுலுக்குச் சாவு பக்கத்துல நிக்குது. துரோவா பட்டணத்துல விட்டுட்டு வந்த மேலங்கியையும் புஸ்தகங்களையும் எடுத்துட்டு வான்னு தீமோத்தேயுவுக்கு எழுதுறார். ஐத்திகு விழுந்த அதே துரோவா. மாரிகாலத்துக்கு முன்னாடி வந்துடுன்னும் கேட்கிறார். வாசிக்கும்போதே தொண்டை அடைச்சுது.

கடைசியா அம்மா, பெரியப்பாவைப் பார்த்துக்கிட்டே நீதிமொழிகள் 27:14 வாசிச்சாங்க. அதிகாலையில உரத்த சத்தமா சொல்ற ஆசீர்வாதம் சாபமா எண்ணப்படுமாம்.

குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல தினம் 4.30-க்கு வர்ற குட்மார்னிங், இன்னிக்கு 6 மணிக்குத்தான் வந்துச்சு.