பொத்தான் சாவியும் அப்பாவின் உலோகச் சாவியும்

1985இல் அறிமுகமான மலேசியக் காரான புரோட்டோன் சாகாவை அப்பா ஓட்டிய காலத்தில், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கடையொன்றில் சில வெள்ளிக்கு மாற்றுச் சாவி வெட்டித் தந்தார்கள்; பல்வரிசை தேயும்வரை அது உழைத்தது. என் புதிய காரின் மின்னணுச் சாவியோ, சென்ற மாதம் பத்துமலை வாகன நிறுத்துமிடத்தில் என்னைக் கைவிட்டது. உள்ளிருந்த 3 வோல்ட் வட்ட மின்கலம் தீர்ந்திருந்தது. அப்படித் தீர்ந்தாலும், சாவிக்குள் ஒளிந்திருக்கும் சிறு உலோகச் சாவியால் கதவைத் திறந்து, மின்னணுச் சாவியை இயக்கப் பொத்தானை ஒட்டிப் பிடித்தால், கார் உண்டாக்கும் காந்தப்புலத்திலிருந்தே ஆற்றல் பெற்று அதன் சில்லு தன் அடையாளத்தைச் சொல்லிவிடும் என்பதைக் கையேட்டைப் படித்த பிறகே அறிந்தேன் (வாங்கிய அன்றே படித்திருக்க வேண்டும்). எனக்கு உறுத்துவது வேறொன்று: வீட்டுக்குள் கிடக்கும் சாவியின் அலையை இரு கருவிகள் வழியே காருக்குக் கடத்தித் திருடும் உத்தி. ஆகவே இரவில், அலை வெளியே கசியாதபடி சாவியை மூடிய முறுக்கு டின்னுக்குள் வைக்கிறேன். அப்பாவின் சாவி ஆணியில் தொங்கியது.