1080 என்ன, ஆட்டுக்குட்டியா? எட்டாம் வகுப்பு அறிவியலில் 54-லிருந்து 91

முழு ஆண்டுத் தேர்வு விடைத்தாள் நேற்று கைக்கு வந்தது. அறிவியலில் 91. அரையாண்டில் இதே பாடத்தில் 54. பெருமைக்காக எழுதவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும், கொஞ்சம் பெருமைதான். ஆனால் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் தங்கை. ஏழாம் வகுப்புக்குப் போகிறாள். "அக்கா, உன் சயின்ஸ் நோட்டைக் கொடேன்" என்று இரண்டு நாளாகக் கேட்கிறாள். கொடுத்தால் அவளுக்கு ஒன்றும் விளங்காது. அந்த நோட்டில் பாதி பாடம், மீதி என்னை நானே திட்டிக்கொண்டது.

முதலில் அந்த 54-ஐச் சொல்லிவிடுகிறேன்.

அரையாண்டில் ஒரு கணக்கு: பேருந்து மணிக்கு 54 கி.மீ வேகத்தில் சீராகப் போகிறது, 20 வினாடியில் எவ்வளவு தொலைவு கடக்கும்? வேகம் பெருக்கல் காலம். 54 × 20 = 1080. கீழே இரண்டு கோடு போட்டு முடித்துவிட்டேன். விடைத்தாளில் டீச்சர் சிவப்பு மையில் வட்டம் போட்டு, "1080 என்னம்மா? ஆட்டுக்குட்டியா?" என்று எழுதியிருந்தார். வகுப்பே பார்த்தது. அடுத்த ஒரு மாதம் எனக்கு அதுதான் பெயர்.

கோபத்தில் அன்று இரவு உட்கார்ந்து எண்ணினேன். போன 46 மதிப்பெண்ணில் 19 அலகால் போனது. சில இடத்தில் அலகே எழுதவில்லை, சில இடத்தில் தப்பான அலகு, சில இடத்தில் இரண்டு வகை அலகை ஒரே பெருக்கலில் போட்டுக் கலக்கியிருந்தேன். படிக்காததால் போனதென்றால் பத்து மதிப்பெண்கூட இருக்காது.

அதனால் இந்தப் பாடத்துக்கு நான் சொல்லப் போவது முக்கால்வாசி ஒரே விஷயம்தான். விடையில் மட்டும் அலகு எழுதினால் போதாது. ஒவ்வொரு வரியிலும், ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் எழுது. நேரம் ஆகும்தான், பரவாயில்லை.

அந்தப் பேருந்தையே எடுத்துக்கொள்வோம். "54 கி.மீ/மணி × 20 வினாடி" என்று எழுதியிருந்தால் என் கை அங்கேயே நின்றிருக்கும். கீழே மணி, மேலே வினாடி. இரண்டும் அடிபடாது. அப்போது மாற்றத் தோன்றும்: 54 கி.மீ என்பது 54,000 மீட்டர், ஒரு மணி என்பது 3600 வினாடி, வகுத்தால் 15 மீ/வினாடி. 15 மீ/வினாடி × 20 வினாடி. வினாடியும் வினாடியும் அடிபட்டு மிச்சம் 300 மீட்டர். நான் எழுதிய 1080 மீட்டராக இருந்தால் அந்தப் பேருந்து மணிக்கு 194 கி.மீ வேகத்தில் பறந்திருக்க வேண்டும்.

கி.மீ/மணியை மீ/வினாடியாக மாற்ற, 5/18-ஆல் பெருக்கு என்ற குறுக்குவழியை எல்லாரும் சொல்லித்தருவார்கள். எனக்கு அது ஆகவே ஆகாது. எப்போது 5/18, எப்போது 18/5 என்று தேர்வு அறையில் தலைகீழாகிவிடும். 1000-ஐயும் 3600-ஐயும் முழுசாக எழுதிவிடுவேன். ஒன்று மட்டும் நினைவில் வைத்திருக்கிறேன்: 1 மீ/வினாடி என்றால் 3.6 கி.மீ/மணி. அதாவது ஒரே வேகத்தை எழுதும்போது மீ/வினாடி எண் எப்போதும் சின்னது. மீ/வினாடிக்கு மாற்றியபின் எண் பெரிதானால் ஏதோ தப்பு.

அப்புறம் அடர்த்தி. அரையாண்டில் வந்தது இது: 2 செ.மீ, 3 செ.மீ, 5 செ.மீ பக்கங்கள் கொண்ட உலோகக் கட்டி, நிறை 81 கிராம். அடர்த்தியை இரண்டு அலகிலும் தரவும். கன அளவு 30 கன செ.மீ, 81-ஐ 30-ஆல் வகுத்தால் 2.7 கிராம்/கன செ.மீ. இதுவரை சரி. (அலுமினியத்தின் அடர்த்தி 2.7 என்று தெரிந்திருந்தால் இன்னும் தைரியம் வரும்.) அடுத்து கி.கி/கன மீட்டராக மாற்றும்போதுதான் கவிழ்ந்தேன். ஒரு மீட்டர் 100 செ.மீ, ஆகவே ஒரு கன மீட்டர் 100 கன செ.மீ என்று எழுதிவைத்திருக்கிறேன்!

இந்தத் தப்பை மறுபடி செய்யாமல் இருக்க எனக்கு உதவியது சூத்திரம் இல்லை, ஒரு பெட்டி. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டர் உள்ள பெட்டியை மனத்தில் வை. அதற்குள் சுண்டுவிரல் நுனியளவு, பக்கம் 1 செ.மீ உள்ள கனசதுரங்களை அடுக்கு. ஒரு வரிசையில் 100, ஒரு தளத்தில் 100 வரிசை, அப்படி 100 தளம். மொத்தம் 10 லட்சம். அந்தப் பெட்டியில் தண்ணீர் ஊற்றினால் 1000 லிட்டர் பிடிக்கும், 1000 கிலோ இருக்கும், ஒரு டன். ஆகவே தண்ணீரின் அடர்த்தி 1 கிராம்/கன செ.மீ என்பதும் 1000 கி.கி/கன மீட்டர் என்பதும் ஒன்றே. தண்ணீருக்கு 1000 மடங்கு என்றால் அலுமினியத்துக்கும் 1000 மடங்குதான்: 2700. பனிக்கட்டிக்கு ஏறத்தாழ 0.92, அதாவது 920. தண்ணீரைவிடக் குறைவு, அதனால் மிதக்கிறது.

அலகால் மாட்டிக்கொண்டது நான் மட்டும் இல்லை. 1999-இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாய்க்குப் போய்ச் சேர்ந்த நேரத்தில் தொலைந்துபோனது. ஒரு மென்பொருள் பவுண்டு விசைக் கணக்கில் எண்களைக் கொடுத்தது, வாங்கிய தரப்பு அதை நியூட்டன் கணக்கு என்று நினைத்துக்கொண்டது. அவர்களுக்கு ஒரு விண்கலம் போச்சு, எனக்கு 19 மதிப்பெண். இதைப் படித்த அன்றுதான் ஆட்டுக்குட்டி அவமானம் கொஞ்சம் ஆறியது.

சரி, அலகால் இன்னொரு லாபம் உண்டு. சூத்திரம் மறந்தாலும் அலகிலிருந்து இழுத்துவிடலாம். எனக்கு மனப்பாடம் சுத்தமாக வராது, அதனால் இது எனக்குப் பெரிய விஷயம். அழுத்தம் எப்படிக் கண்டுபிடிப்பது? பாஸ்கல் என்றால் நியூட்டன்/சதுர மீட்டர். நியூட்டன் விசை, சதுர மீட்டர் பரப்பு. முடிந்தது, விசையைப் பரப்பால் வகு. முடுக்கம்? மீ/வினாடி/வினாடி. வேக மாற்றத்தைக் காலத்தால் வகு.

வரைபடக் கேள்விக்கு இதைவிட நல்ல வழி இல்லை. சாய்வு எதைக் காட்டும், கீழே உள்ள பரப்பு எதைக் காட்டும் என்று என் வகுப்பில் பலர் அட்டவணை போட்டு நெட்டுருப் போட்டார்கள். தேவையே இல்லை. சாய்வு என்றால் நிமிர்ந்த அச்சின் அலகைப் படுத்த அச்சின் அலகால் வகு. தொலைவு–காலம் வரைபடத்தில் மீட்டர் ÷ வினாடி, ஆக வேகம். வேகம்–காலம் வரைபடத்தில் மீ/வினாடி ÷ வினாடி, ஆக முடுக்கம். பரப்பு என்றால் இரண்டு அச்சையும் பெருக்கு. மீ/வினாடி × வினாடி, மிச்சம் மீட்டர். தொலைவு. படுகோடு வந்தால் எல்லாரும் "பொருள் நிற்கிறது" என்று எழுதிவிடுகிறார்கள். முதலில் அச்சைப் பார். தொலைவு அச்சு என்றால்தான் நிற்கிறது. வேக அச்சு என்றால் சீரான வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

நிறை, எடை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நிறை கிலோகிராம், எடை நியூட்டன். 60 கிலோ விண்வெளி வீரர் நிலவில் எத்தனை கிலோ என்று கேட்டால் 60-தான், நிறை மாறாது. எடை பூமியில் 60 × 9.8 = 588 நியூட்டன், நிலவில் அதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. "10 கிலோ" என்று பதில் எழுதினால் இரண்டு தப்பு ஒரே வரியில்.

அளவீட்டுப் பகுதியில் செய்முறைக் கேள்விக்கு நான் சுவரில் ஒட்டி வைத்திருந்தவை:

– அளவுகோலின் முனை தேய்ந்திருந்தால் 1 செ.மீ கோட்டிலிருந்து அள, அப்புறம் அந்த 1-ஐக் கழி. (கழிக்க மறந்தது நான்.)
– கண் அளவுக்கு நேராக. சாய்ந்து பார்த்தால் இடமாறு தோற்றப்பிழை.
– அளவு ஜாடியில் தண்ணீர் குழிந்து நிற்கும். குழியின் அடிப்பக்கத்தைப் படி.
– சுழிப்பிழையைக் கூட்டுவதா கழிப்பதா என்று குழம்பாதே. ஒன்றும் வைக்காதபோதே கருவி கூடுதலாகக் காட்டுகிறது என்றால் அந்தக் கூடுதலை எடுத்துவிடு, அவ்வளவுதான்.
– மெல்லிய தாளின் தடிமனா? 100 தாளை ஒன்றாக அளந்து 100-ஆல் வகு.

வேதியியல் பக்கம் எனக்கு இன்னும் வசப்படவில்லை, ஆகவே சுருக்கமாக. இயற்பியல் மாற்றமா வேதியியல் மாற்றமா என்ற கேள்விக்கு "புதுப் பொருள் வந்ததா?" என்று மட்டும் கேள். உப்பு கரைந்தாலும் உப்புதான். இரும்பு துருப்பிடித்தால் அது இரும்பு இல்லை. மெழுகுவர்த்தியில் இரண்டும் நடக்கிறது, உருகுவது ஒன்று, எரிவது இன்னொன்று. தனிமக் குறியீடுகளில் பெயரோடு ஒட்டாமல் தொந்தரவு கொடுப்பவற்றில் நிறைய இலத்தீன் பெயரிலிருந்து வந்தவை: சோடியத்துக்கு நாட்ரியம், பொட்டாசியத்துக்கு காலியம், இரும்புக்கு ஃபெர்ரம், தங்கத்துக்கு ஆரம். பழைய பெயரைச் சொல்லிப் பார்த்தால் குறியீடு தானாக வரும்.

எப்படிப் படித்தேன் என்று கேட்பவர்களுக்கு: தினமும் காலையில் மூன்றே மூன்று கணக்கு. ராத்திரி கண் விழிப்பது எனக்கு ஒத்துவராது. நாலு பேர் கூடிப் படிப்பதும் அப்படித்தான், பேச்சுதான் வளரும். கால அட்டவணை போட்டேன், இரண்டாம் நாளே கிழித்தேன். வேகமாக எழுதுபவர்களுக்கு என் முறை எரிச்சலாக இருக்கலாம். தேர்வில் கடைசிக் கேள்வியை முடித்தபோது இரண்டு நிமிடம்தான் மிச்சம் இருந்தது, சரிபார்க்கவே இல்லை. ஆனால் வரிக்கு வரி அலகு எழுதுவதே சரிபார்ப்பு என்பது என் கட்சி.

போன 9 மதிப்பெண்ணையும் சொல்லிவிட வேண்டும். மூன்று வேதியியலில், சேர்மமா கலவையா என்ற வகைப்படுத்தலில். இரண்டு, ஒளிக்கதிர்ப் படத்தில் அம்புக்குறி போடாததால். அம்பு இல்லாவிட்டால் அது கதிர் இல்லை, வெறும் கோடு என்று டீச்சர் சொல்லாத நாள் இல்லை.

இன்னொரு இரண்டு வரைபடத்தில். ஓய்விலிருந்து கிளம்பிய வண்டி 10 வினாடியில் 20 மீ/வினாடி வேகத்தை எட்டுகிறது, தொலைவு என்ன? 20 மீ/வினாடி × 10 வினாடி = 200 மீட்டர் என்று எழுதினேன். அலகெல்லாம் அழகாக அடிபட்டது. ஆனால் வேகம் சுழியிலிருந்து ஏறியதால் கோட்டுக்குக் கீழே இருப்பது முக்கோணம், செவ்வகம் இல்லை. பாதிதான், 100 மீட்டர். அந்த அரை எண்ணுக்கு அலகு கிடையாது, அதனால் என் வித்தை அங்கே வாயைத் திறக்கவில்லை.

கடைசி இரண்டுதான் உறுத்துகிறது. தண்ணீரின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸிலிருந்து 40-க்கு உயர்ந்தது, உயர்வு எத்தனை கெல்வின்? 15. கெல்வினாக்க 273 கூட்டு. 288 கெல்வின். கெல்வினுக்கு டிகிரி போடக்கூடாது என்று கவனமாக அதைக்கூட விட்டிருக்கிறேன்.

273 கூட்டுவது வெப்பநிலைக்கு, உயர்வுக்கு இல்லை. 25 என்பது 298 கெல்வின், 40 என்பது 313 கெல்வின், வித்தியாசம் அதே 15. இரண்டு அளவுகோலிலும் படியின் உயரம் ஒன்று, சுழியை வைத்த இடம்தான் வேறு. சுழி என்பது நாம் வைத்த இடம்தானே. செல்சியஸ் 1742-இல் முதலில் சொன்ன அளவுகோலில் தண்ணீர் கொதிப்பது 0, உறைவது 100. இதெல்லாம் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும் 288.

விடைத்தாளில் இந்த முறை வட்டம் இல்லை, ஒரு கேள்விக்குறி மட்டும். தங்கையிடம் காட்டி விளக்கினேன். நான் எழுதியபடி பார்த்தால் 25 டிகிரியில் இருந்த தண்ணீர் 313 டிகிரிக்குப் போயிருக்கிறது. அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"அப்போ தண்ணி எங்கேக்கா போச்சு?"