எட்டு மணி அலாரம்

காலை எட்டு மணி அடித்தால் எங்கள் புறநோயாளிப் பிரிவில் ஏழெட்டு போன்கள் ஒன்றாக அலறும். எல்லாம் மாத்திரை அலாரம். மாற்று இதயத்தை உடம்பு அந்நியமாக நினைத்துத் தாக்காமலிருக்க, டாக்ரோலிமஸ் மாத்திரையைப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயுசுக்கும் போட்டாக வேண்டும். பரிசோதனை நாளில் மட்டும் ரத்தம் எடுத்த பிறகுதான் மாத்திரை. அலாரத்தை அணைத்துவிட்டு எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பார்கள்.

நர்ஸாக இருந்து உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் ஆனவள் நான். இந்த அறை என் வேலையில் பாதி. மறுபாதி ஐ.சி.யூ. வாசல்: மூளைச்சாவு அடைந்தவரின் வீட்டாரிடம் உறுப்பு தானம் கேட்பது.

அங்கே வரும் கேள்வி ஒன்றுதான். "மானிட்டர்ல இதயம் துடிக்குதேம்மா, எப்படிச் செத்துட்டான்னு சொல்றீங்க?" ஆரம்பத்தில் நான் 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தேன்: நான்கு மருத்துவர்கள், ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதனை. பிள்ளையைப் பறிகொடுத்தவர் காதில் அது ஏறுமா? இப்போது சுருக்கமாகச் சொல்கிறேன். மூச்சு மெஷினுடையது. மூளை போனாலும், பிராணவாயு கிடைக்கும்வரை இதயம் தானாகக் கொஞ்ச காலம் துடிக்கும். பிறகு பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். வேண்டாம் என்பவர்களிடம் வாதாடுவதில்லை. அவர்களுக்கும் போலீஸ் காகிதம், அமரர் ஊர்தி எல்லாம் ஓடியாடிப் பார்த்துக் கொடுக்கத்தான் வேண்டும்.

"அந்த டாக்டர் வீட்டுப் பையன் மாதிரியா?" என்று இன்றும் சில பெரியவர்கள் கேட்கிறார்கள். 2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரனைத்தான் சொல்கிறார்கள். போலீஸ் வழிவிட, தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு 11 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது அவன் இதயம். எடுத்த இதயம் நான்கு மணி நேரத்துக்குள் இன்னொரு நெஞ்சில் துடித்தாக வேண்டும். 2023 முதல் கொடையாளர்களுக்கு அரசு மரியாதையும் உண்டு. நல்லதுதான். ஆனால் வாசலில் நிற்கும் தகப்பன் கேட்பது, "எத்தனை மணிக்கு உடம்பைக் கொடுப்பீங்க?" உறுப்பு தானத்துக்காக இரவிலும் பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்று 2021இல் வந்த அனுமதிதான், என்னைக் கேட்டால், பெரிய மரியாதை.

இந்த அறைக்கு வந்தால் பேச்சே வேறு. லாரி மெக்கானிக் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மாடி ஏறுறப்ப இதுக்கு லேட்டாதான் தெரியுது சிஸ்டர். நான் உட்கார்ந்தப்புறமும் இது ஏறிக்கிட்டிருக்கு." உண்மைதான். அறுவை சிகிச்சையில் ரத்தக்குழாய்களைத் தைப்பார்கள், நரம்புகளை இணைப்பதில்லை. ரத்தத்தில் அட்ரினலின் வந்து சேர்ந்த பிறகுதான் அந்த இதயம் வேகமெடுக்கும், அடங்கவும் நேரமாகும். அதனால் முதலில் மெதுவாக நடந்துவிட்டுத்தான் வேகம் கூட்டச் சொல்வோம். பழைய பட்டறையில் அவரைத் திரும்பச் சேர்க்கவில்லை. இப்போது சொந்தமாகப் பஞ்சர் கடை.

அறுவை முடிந்து ஓராண்டு நிறைந்த ஒரு அம்மா என்னிடம் கேட்டது வேறு. "இதயம் கொடுத்தவங்க பேர் வேண்டாம் சிஸ்டர். நட்சத்திரம் மட்டும் சொல்லுங்க, ஒரு அர்ச்சனை பண்ணணும்." சொல்லக் கூடாது. ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்லக் கூடாது. கோப்பில் பிறந்த தேதி இருந்தது. நான் எழுந்து போய் ஜன்னலருகே நின்றுகொண்டேன்.

அடுத்த முறை விபூதிப் பொட்டலத்தோடு வந்தார். "குருக்கள் நட்சத்திரம் கேட்டார். சாமி பேருக்கே பண்ணிடுங்கன்னுட்டேன்." எனக்கும் கொஞ்சம் பிரித்துக் கொடுத்தார். அதற்குள் அவர் போன் அலறியது. அணைத்துவிட்டு, ரத்தம் கொடுக்கப் போனார்.