கத்தரிக்கோல் யார் கையில்?

தையல் வகுப்பில் சேருகிற எல்லோருக்கும் முதல் ஆசை மிஷின் மிதிப்பதில்தான். நூல் கோக்காமல், கோடு போட்ட தாளில் ஊசியை ஓட்டச் சொல்வேன். சக்கரம் பின்னால் சுழலாதபடி கால் பழகிவிட்டால் நேர்த்தையல் வந்துவிடும். அதைச் சொல்லிக்கொடுப்பது பெரிய வித்தையில்லை. கத்தரிக்கோலை நீட்டும்போதுதான் முகங்கள் மாறும்.

குமரி மாவட்டத்தில் திங்கள்சந்தைப் பக்கத்தில் பல ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். தைக்க மட்டும் தெரிந்த பெண் இன்னொருவருக்காகவே தைக்கிறாள். கடையில் மாஸ்டர் வெட்டிக் கொடுப்பார். இவள் பட்டி வைத்து, கொக்கி கட்டி, ஹெம்மிங் முடித்துக் கொடுப்பாள். உருப்படிக்கு அவர் சொன்னதுதான் கூலி. வெட்டவும் தெரிந்துவிட்டால் துணி நேராக அவள் வீட்டு வாசலுக்கே வரும்.

தையல் பிசகினால் பிரித்துக்கொள்ளலாம். வெட்டு பிசகினால் ஒன்றும் செய்வதற்கில்லை. அதுவும் கல்யாணப் பட்டோடு சேர்ந்து வந்த பிளவுஸ் துணி என்றால் ஈடாக வேறொன்று வாங்கக்கூட வழி கிடையாது. 36 அங்குல மார்பளவுக்கு நான்கில் ஒரு பங்கு 9 அங்குலம். அதற்கு மேல் தளர்வுக்கு எவ்வளவு, தையலுக்கு எவ்வளவு, பின்னால் பிரித்துப் பெரிதாக்க உள்ளே எவ்வளவு விடுவது என்பதெல்லாம் மனத்தில் ஓட வேண்டும். பருத்தி லைனிங்கை முதலில் தண்ணீரில் நனைத்துக் காயவைக்காவிட்டால், முதல் சலவையிலேயே உள்துணி சுருங்கி மேல்துணியை இழுத்துப் பிடிக்கும். பள்ளியில் கணக்கில் தோற்றவர்கள் இந்தக் கணக்கை வெகு சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். ஏனென்று பள்ளிக்கூடத்தார்தான் யோசிக்க வேண்டும்.

முந்திரி ஆலை வேலையை, எங்கள் ஊர்ப் பேச்சில் அண்டி ஆபீஸ் வேலையை, விட்டுவிட்டு ஒரு பெண் வந்து சேர்ந்தாள். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டுப்பட்டு அவள் விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோலுரிந்திருந்தது. பட்டுத்துணியைத் தொட்டால் இழை மாட்டிக்கொள்ளும். மற்றவர்கள் பார்க்காதபடி கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்வாள். அவளை நான் பட்டுப் பக்கமே விடவில்லை. பழைய செய்தித்தாள்களைக் கொடுத்து வெட்டச் சொன்னேன். கைக்குழி வளைவும் கழுத்து வளைவும் தாளிலேயே படிந்துவிட்டன. தோல் ஆறுவதற்குள் வகுப்பில் மற்றவர்கள் வெட்டுவதற்கு முன் அவளிடம் காட்டிக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். முந்தானைக்குள் இருந்த கை எப்போது வெளியே வந்தது என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

இந்த மண்ணில் தைத்த மேலாடையைப் பெண்கள் போடுவதே ஒரு காலத்தில் அடிதடிக்குக் காரணமாக இருந்தது. 1820-களில் மூண்ட தோள்சீலைப் போராட்டம், 1859-இல் நாடார் பெண்கள் குப்பாயம் என்ற தைத்த மேலாடையை அணியலாம் என்று திருவிதாங்கூர் அரசு அறிவித்த பிறகே தணிந்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல் அணியக் கூடாது என்ற நிபந்தனை போகவில்லை. அந்தப் போராட்டக் காலத்திலேயே நாகர்கோவிலில் மிஷனரியின் மனைவியான மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைத்தளையில் கிடந்த குடும்பத்துப் பெண்களின் கையில் அந்த நூல் காசாக மாறியது. ஆனால் என் அம்மாவின் வயதுப் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து எம்பிராய்டரி போட்டதைப் பார்த்திருக்கிறேன். பூ அவர்கள் போட்டது. விலையைச் சொன்னது ஏஜென்ட். கண் மங்கியதுதான் பலருக்கு மிச்சம்.

ஆகவே வகுப்பில் கூலி கேட்பதையும் ஒரு பாடமாகவே நடத்துகிறேன். கத்தரிக்கோலைவிட இதற்குத்தான் கூடுதலாக நடுங்குகிறார்கள். "எப்படி டீச்சர் கேட்பேன்? அவர்கள் எனக்கு மைனி முறை" என்பாள் ஒருத்தி. மைனி என்றால் அண்ணி. "மைனி கடையில் கொடுத்தால் மாஸ்டரிடம் முறை சொல்லித் தப்பிப்பாரா?" என்று கேட்பேன். சிரிப்பாள், ஆனாலும் கேட்க மாட்டாள். லைனிங், நூல், கொக்கி, கரண்ட், வேலை செய்த நேரம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக் கூட்டச் சொல்வேன். தன் நேரத்துக்கு நேராக மட்டும் எல்லோரும் எதுவும் எழுதாமல் விடுவார்கள். "வீட்டிலிருந்துதானே தைக்கிறேன்" என்பது அதற்குச் சொல்லும் காரணம். அந்தக் கட்டத்தை நிரப்பினால்தான் நோட்டில் கையெழுத்துப் போடுவேன்.

அரசு சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் மிஷின் தருகிறது. கைவிடப்பட்டவர்களுக்கும் விதவைகளுக்கும் அது பெரிய உதவி. 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் குளச்சல் கடற்கரையிலிருந்தும் ஆட்கள் வகுப்புக்கு வர முடிகிறது. ஆனால் வாங்கிய மிஷினைத் துணி போட்டு மூடி, மேலே டிவி வைத்திருக்கும் வீடுகளையும் நான் அறிவேன். விசாரித்தால், அந்த வீட்டுப் பெண்ணுக்கு வெட்டத் தெரியாது, அல்லது ஊர் முழுக்க இலவசமாகத் தைத்துக் கொடுத்துச் சலித்துப்போயிருப்பாள்.

அண்டி ஆபீஸிலிருந்து வந்தவள் இப்போது வீட்டு முன்னறையில் தைக்கிறாள். பள்ளி திறக்கும் ஜூனிலும் கிறிஸ்துமஸுக்கு முன்பும் அவளுக்கு மூச்சுவிட நேரமிருப்பதில்லை. வளைகுடாவில் இருக்கும் கணவரிடம் கேட்காமலேயே, துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மிஷின் வாங்கினாள்; வாங்கிய பிறகுதான் போனில் சொன்னாளாம். போன டிசம்பரில் என் பிளவுஸ் ஒன்றை அவளிடமே கொடுத்தேன். என்னிடம் படித்தவள்தானே என்று கூலி விஷயத்தில் கொஞ்சம் சலுகையை எதிர்பார்த்தது உண்மை. சுவரில் ஒட்டியிருந்த விலைப்பட்டியலைக் காட்டி, "லைனிங்குக்குத் தனி, டீச்சர்" என்றாள். கொடுத்தேன். கழுத்து நான் வெட்டுவதைவிட நன்றாகவே படிந்திருந்தது.