செஸ்னா 140: அடித்தகடு மாற்றிய அனுபவம்

செஸ்னா 140 என்ற சின்ன விமானத்தின் கேபினுக்குக் கீழே இருந்த அடித்தகடு கழன்று புதுத் தகடு ஏறிவிட்டது. தகட்டைச் சட்டத்தோடு இணைக்கும் உலோக ஆணியான ரிவெட்டை அடிப்பதுதான் பெரிய வேலை என்று பலர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், பழைய துளைகளை அதே இடத்தில் புதுத் தகட்டுக்குக் கொண்டுவருவதுதான் பெரிய வேலை.

செஸ்னா 140 வெளிவந்தது 1946-இல். இறக்கைக்குத் துணி, உடலுக்கு அலுமினியத் தகடு. உள்ளே சத்தம் தடுக்க ஒட்டியிருந்த பழைய பஞ்சை உரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பஞ்சு ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். அதன் அடியில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினால் உலோகம் ஏடு ஏடாகப் பெயர்ந்தது. மேலோட்டமான அரிப்பு என்றால் சுத்தம் செய்து பிரைமர் அடித்துவிடலாம். ஏடு விட்டால் மாற்றத்தான் வேண்டும். உரிமம் பெற்ற மெக்கானிக்கும் பார்த்துவிட்டு அதையே சொன்னார். ஒவ்வொரு கட்டத்தையும் அவர் பார்த்துச் சரி என்ற பிறகே அடுத்ததைத் தொட்டேன்.

இந்த வகை உடலில் தகடும் பாரம் தாங்கும். ஒன்றைக் கழற்றினால் மிச்சம் முறுக்கிக்கொள்ளும். அதனால் முதலில் உடலை அதன் வளைவுக்கேற்ற மரத் தாங்கிகளில் உட்கார வைத்து, மட்டம் பார்த்தோம். அப்புறம்தான் டிரில். ரிவெட்டின் தலையை மட்டும் துளைத்து, அதைத் தட்டி எடுத்து, பின்னால் முட்டுக் கொடுத்துத் தண்டை வெளியே தள்ள வேண்டும். ஒரேயடியாக அடிவரை துளைத்தால் உள்ளே இருக்கும் சட்டத்தின் துளையும் பெரிதாகிவிடும். பெரிதான துளைக்கு அடுத்த அளவு ரிவெட் போடலாம். ஆனால் துளையின் மையத்திலிருந்து தகட்டின் ஓரம்வரை ரிவெட் விட்டத்தைப் போல இரண்டு மடங்காவது இடம் இருக்க வேண்டும். பழைய விமானங்களில் அந்த இடம் பல சமயம் இருப்பதில்லை.

புதுத் தகடு 2024-டி3 ஆல்க்ளாட் என்ற அலுமினிய வகை. வலுவான கலவை, அதன் இருபுறமும் தூய அலுமினிய உறை. அந்த உறைதான் அரிப்புக்குக் காவல், அதனால் கீறல் படக்கூடாது. கோடு போடப் பென்சிலும் கூடாது. கிராஃபைட் அலுமினியத்தை அரிக்கும். மெல்லிய மார்க்கர் போதும்.

பழைய தகட்டைப் புதியதன்மேல் வைத்து எல்லாத் துளைகளையும் அப்படியே போட்டுவிடலாம் என்று தோன்றும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கழற்றும்போது பழைய தகடு கொஞ்சம் நெளியும். துளைகளும் வட்டமாக இருக்காது. ஓர வடிவத்துக்கும் மூலைத் துளைகளுக்கும் மட்டும் அதைப் பயன்படுத்தினேன். மூலைகளில் கிளீக்கோ (துளையில் தற்காலிகமாக மாட்டும் பிடிப்பு) போட்டுத் தகட்டை உடலோடு பிடித்துக்கொண்டு, மற்ற துளைகளை உள்ளிருந்து, சட்டத்தின் துளை வழியாகவே, சின்ன பிட்டால் போட்டேன். பக்கத்துத் துளைக்குக் கிளீக்கோ, அப்புறம் அடுத்தது. நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் போனால் தகடு உப்பாமல் படிந்து வரும். 3/32 அங்குல ரிவெட்டுக்குக் கடைசியாக 40-ஆம் எண் பிட். பிறகு எல்லாவற்றையும் கழற்றி, பிசிறு எடுத்து, இரண்டு பரப்பும் ஒட்டும் இடத்தில் பிரைமர் அடித்து, மறுபடி மாட்டினேன். இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு உலோகச் சுருள் மாட்டியிருந்தாலும் ரிவெட் இறுக்கமாகப் பிடிக்காது.

ரிவெட் கன் என்னிடம், உள்ளே, ரிவெட்டுக்குப் பின்னால் முட்டுக் கொடுக்கும் உலோகக் கட்டையான பக்கிங் பாருடன் மச்சான். கன் சத்தத்தில் பேசினால் கேட்காது, தட்டுதான் மொழி: ஒரு தட்டு என்றால் இன்னும் அடி, இரண்டு என்றால் சரி, மூன்று என்றால் கழற்று. உள்பக்கம் உருவாகும் தலை, தண்டின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலமும் பாதி உயரமும் வர வேண்டும். ஒரு இடத்தில் மூன்று தட்டு வந்தது. வெளியே பார்க்க அந்த ரிவெட் அழகாகவே இருந்தது, உள்ளே தலை ஒரு பக்கம் சரிந்திருந்தது. "மாமா, இது வேண்டாம், எடுத்திருங்க" என்றான். எடுத்துவிட்டு வேறு போட்டோம். வெளித் தலையை மட்டும் பார்த்து யாரும் திருப்திப்படக்கூடாது.

தண்ணீர் வடியும் துளைகளைப் பழைய தகட்டில் இருந்த இடத்திலேயே போட்டாகிவிட்டது. பஞ்சைத் திரும்ப ஒட்டப்போவதில்லை. அடுத்து, முன்பக்கத் தகட்டின் உள்பரப்பைத் துடைத்துப் பார்க்க வேண்டும். சேரும் விளிம்பில் லேசாக வெள்ளை தெரிகிறது.